கடைசிப் பீஸ்

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் முதுகைப் பார்ப்பாள். கதை என்ன, எழுதினது யார், அட்டையில் என்ன படம், எதுவும் பொருட்டில்லை. உள்ளே நூல் ஓடியிருக்கிறதா, வெறும் பசை தடவி ஒட்டியிருக்கிறதா என்பதுதான் அவள் விசாரணை. நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி வைத்திருக்கும் கடைக்காரருக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது புரட்டிப் பாக்க மாட்டியாம்மா?"

"உள்ள என்ன இருந்தாலும் படிச்சிடுவேங்க. பிரிச்சா ஒழுங்காப் பிரியணும், அதான் பாக்குறேன்."

கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். வாங்கின புத்தகத்தை வீட்டுக்குப் போனதும் இவள் பிளேடால் அறுக்கப் போகிறாள் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் மனிதர் கடையை மூடிவிடுவார்.

அவளும் நானும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை செய்கிறோம். எங்கள் லைனில் பெற்றோர் வைத்த பெயரெல்லாம் வருகைப் பதிவோடு சரி. என்ன தைக்கிறாயோ அதுதான் நீ. அவள் காலர் வைக்கிறாள். ஆகவே காலர் அக்கா. அடுத்த மிஷினில் ஸ்லீவ் பொண்ணு. அதற்கடுத்து, சட்டையின் இரு பக்கமும் மூட்டுகிற சைடு அக்கா. அதற்கும் அப்பால் பட்டன் பெரியம்மா. கடைசியில் டேப்பும் கையுமாக நின்று, இவர்கள் தைத்ததில் எல்லாம் குறை கண்டுபிடிக்கிறவள் நான். செக்கிங். குறை கண்டுபிடிப்பது எனக்கு அதற்கு முன்பே வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

நூலால் தைத்த புத்தகம் என்பது பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகளின் வரிசை. முதுகில் நூலை அறுத்தால் ஒவ்வொரு கட்டும் சிதறாமல் கையில் வந்துவிடும். முழுப் புத்தகத்தை எங்கள் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. பையைத் தடவிப் பார்ப்பார்கள். போன் கூடாது, தின்பண்டம் கூடாது, புத்தகம் கூடவே கூடாது. ஆனால் பதினாறு பக்கம் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் மடங்காமல் படுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்க்கிற அளவுக்கு இன்னும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் அவள் முதலில் படிப்பாள். ஒரு கட்டுக்கு இரண்டு நாள் ஆகும். முடிந்ததும், வெட்டின துணிக் கட்டின் நடுவே செருகி ஸ்லீவ் பொண்ணுக்குத் தள்ளிவிடுவாள். அங்கிருந்து சைடு, பட்டன், கடைசியில் நான். சட்டை போகிற வழியிலேயே கதையும் போகும். நாங்கள் அதைப் பீஸ் என்றுதான் சொல்வோம். "அடுத்த பீஸ் வந்துச்சா?" "இன்னும் வரலக்கா, சைடுலயே நிக்குது." இதைக் காதில் வாங்கிக்கொண்டு போன சூப்பர்வைசர் ஒருநாள் மற்ற லைன்காரர்களிடம், "அவங்களைப் பாருங்க, பீஸ் லேட்டானா எப்படித் துடிக்கிறாங்க" என்று புகழ்ந்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலர் அக்கா திங்கட்கிழமை மூக்கை உறிஞ்சினால் புதன்கிழமை ஸ்லீவ் பொண்ணு உறிஞ்சுவாள். வார முடிவில் சைடு அக்காவின் கண் சிவந்திருக்கும். அடுத்த வாரம் எனக்கு அழுகை வரப்போகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், கைக்குட்டை எடுத்துவைத்துக்கொள்வேன். சிரிப்பும் அப்படியே. எதற்கு அழுதாள், எதற்குச் சிரித்தாள் என்று மட்டும் கேட்கக்கூடாது. அது அவள் போட்ட சட்டம். "கதையை முன்னாடியே சொன்னீங்க, வாயைத் தெச்சிடுவேன்" என்பாள். ஊசியும் கையுமாக இருக்கிறவள் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

என் கைக்கு வரும்போது ஒவ்வொரு பக்கமும் எங்கள் லைனின் ரேகை வாங்கியிருக்கும். ஓரத்தில் நீலச் சாக்கட்டி என்றால் சைடு அக்கா அங்கே நிறுத்தி யோசித்திருக்கிறாள். எண்ணெய்க் கறை என்றால் பட்டன் பெரியம்மா. பஞ்சுத் தூசி எல்லாருடையதும்.

நீங்கள் நினைக்கிற மாதிரி சாய்வு நாற்காலி, ஜன்னலோரக் காற்று என்றெல்லாம் இல்லை எங்கள் படிப்பு. காலர் அக்காவுக்குக் கழுத்து எலும்பு தேய ஆரம்பித்துவிட்டது. காலர் வைக்கிறவளுக்குக் கழுத்துவலி வருவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், அவளே சிரிப்பாள். மாலையில் வேனில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் உள்ளே போடவேண்டும். வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் படுத்த படுக்கையாக மாமியார். மற்றதில் சமையல், துணி, லாரி ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டிக் கிடக்கும் புருஷன். "வீட்ல புக்கைத் தொட்டா ரெண்டாவது வரியில தூங்கிடறேன். தூங்கினாத் தூங்கிட்டுப் போறேன், மறுநாள் அந்த ரெண்டு வரியும் ஞாபகம் இருக்க மாட்டேங்குது." அதனால்தான் தொழிற்சாலைக்குக் கொண்டுவருகிறாள். சாப்பாட்டு அறையில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே உதடு அசைய அவள் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். கழுத்தை ஒரு கை பிசைந்துகொண்டிருக்கும். சோறு காய்ந்துகொண்டிருக்கும். கழுத்துக்கு மேலே இருக்கிற முகம் மட்டும் எங்கேயோ போயிருக்கும். பெல் அடித்ததும் திரும்பி வரும், கொஞ்சம் தாமதமாக.

அறுத்ததைத் தைப்பதும் அவள்தான். ஒரு புத்தகம் முழுக்க என் மேஜைக்கு வந்து சேர்ந்ததும் மொத்தமாக அவளிடம் கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை கடைசியில் மிஷின் துடைக்கக் கொஞ்ச நேரம் விடுவார்கள். அந்த நேரத்தில் கழிவுத் துணியில் கெட்டியாக ஒரு பட்டை எடுத்து, ஒவ்வொரு பீஸையும் அதன் மடிப்பில் வைத்து வரிசையாகத் தைத்துவிடுவாள். ஆரம்பத்தில் ரிவர்ஸ், முடிவில் ரிவர்ஸ். ரிவர்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, தைத்த வழியிலேயே நாலு தையல் பின்னால் வந்து பூட்டுவது. இதில் அவள் ரொம்பக் கறார். புதிதாக வருகிற பெண்களை அவள் இந்த ஒன்றுக்குத்தான் திட்டுவாள்: "ரிவர்ஸ் அடிக்காத தையல் தையலே இல்ல. இழுத்தா உருவிக்கிட்டு வந்துடும்." தைத்த புத்தகங்கள் பெண்கள் அறையில் லாக்கர்களுக்கு மேலே வரிசையாக நிற்கின்றன, சட்டைத்துணி முதுகோடு. சூப்பர்வைசர் ஒன்றை எடுத்துப்போய் வெகுநாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "சும்மா பாத்தேன்" என்றார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை, இது எப்படி உள்ளே வந்தது என்று.

இப்போது பட்டன் பெரியம்மா. வயது அறுபதைத் தொட்டிருக்கும். பெடலை மிதித்து மிதித்து வலது முழங்கால் வீங்கிப் போனவர். வேனில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலர் அக்காவுக்கு. வேறு யாரும் உட்காரமாட்டோம். மற்றவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துத் தூங்கும்போது இவர்கள் இருவரும் பேசிக்கொண்டு வருவார்கள். காலர் அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "வீட்ல என்கிட்ட யாரும் வேற எதுவும் கேக்குறதில்ல. சாப்பாடு ஆச்சா, சட்டை காஞ்சுதா, மாத்திரை குடுத்தியா. பெரியம்மா மட்டும்தான், கதையில அவ ஏன் அப்படிப் பண்ணினான்னு கேக்குறாங்க. அந்தக் கேள்வியக் கேக்க எனக்கு இந்த ஒலகத்துல ஒரு ஆளு இருக்குல்ல."

கடைசியாக ஓடிய புத்தகத்துக்கு அட்டை கிடையாது, பெயரும் தெரியாது. நாங்கள் கப்பல் கதை என்போம். காணாமல் போன தம்பியைத் தேடி ஒருத்தி சரக்குக் கப்பலில் சமையல்காரியாகச் சேர்கிறாள். ஒரு துறைமுகத்தில் தம்பி இருப்பதாகத் தகவல் வருகிறது. கப்பல் நிற்கிறது. அவள் இறங்கவில்லை. அந்த இடத்தில் பெரியம்மாவின் எண்ணெய் விரல் நாலு தடவை பதிந்திருந்தது. வேனில் இரண்டு நாள் இதுதான் சண்டை.

"ஏன் எறங்கல அவ? அவ்வளவு தூரம் வந்துட்டு?"

"எறங்கி அவன் அங்க இல்லன்னா? அப்புறம் எங்க போய்த் தேடுவா? இருக்கான்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாம்ல, பெரியம்மா."

"அடிப் போடி. அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்."

எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆனாலும் காதை மூடியதில்லை.

அந்தக் கதை முக்கால்வாசி ஓடியிருந்த சமயத்தில்தான் பெரியம்மா சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சை எடுத்தார். வெளியூரில் இருக்கிற மகள் வந்துவிடு வந்துவிடு என்கிறாள், கால் இனிமேல் தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். "இந்தக் கப்பல்காரிக்குத் தம்பி கெடைச்சானான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கெளம்பிடறேன். பாதியில விட்டுட்டுப் போனா அங்க போயும் தூக்கம் வராது" என்றார். நாங்கள் சிரித்தோம். காலர் அக்கா சிரிக்கவில்லை. பெரியம்மா சொன்னால் செய்கிறவர்.

அதிலிருந்து எங்கள் லைனில் கதை நகரவில்லை. இரண்டு நாளில் வருகிற பீஸ் ஒரு வாரமானது. பிறகு கடைசிப் பீஸ் ஒன்றுதான் பாக்கி என்று எல்லாருக்கும் தெரிந்தபிறகு, அதுவும் இல்லை. "தலைவலிடி." "நேத்து மாமியாருக்கு முடியல." "கண்ணாடி மாத்தணும், எழுத்து ஓடுது." ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கும், அதுதான் சங்கடம். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை நானும் பார்த்தேன். ஆனால் எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. முடிவு தெரியாமல் என்னால் ஒரு காரியம் செய்ய முடியாது. வைத்துக்கொண்டே தராமல் இருக்கிறவளைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. "படிக்காட்டிப் போ, எங்ககிட்டயாவது குடு" என்றேன். "நான் படிக்காம எதுவும் லைன்ல போகாது" என்றாள். பழைய சட்டம்தான். சட்டம் இப்போது அவளுக்கு வசதியாக இருந்தது.

பெரியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிற்சாலை மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வர ஆரம்பித்திருந்தார். மகள் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்" என்று திருப்பி அனுப்பினார். "அவ மெதுவாப் படிக்கட்டும், அவளுக்கு ஆயிரம் வேலை" என்று எங்களிடமே காலர் அக்காவுக்குப் பரிந்து பேசினார். ஏன் பீஸ் வரவில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்பது என் எண்ணம். அவரும் சேர்ந்துதான் அந்தக் கடைசிப் பீஸைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார், தன் காலை விலையாகக் கொடுத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளைச் சட்டை ஒன்றை மேஜையில் விரித்தேன். மூன்றாவது பட்டனுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு. நூல் முடிச்சு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பெரியம்மா ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போய்ப் பெடலை அழுத்திவிட்டிருக்கிறது. ஊசி நகத்தோரத்தில் இறங்கியிருக்கிறது. சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் அடுத்த சட்டையை எடுத்துவிட்டார்.

கறை பட்ட சட்டையைத் திருப்பி அனுப்புவது என் வேலை. யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. நான் முறையை விட்டுவிட்டு நேராகக் காலர் மிஷினுக்குப் போனேன்.

"காலர்ல என்ன தப்பு?" என்றாள் அவள், நிமிராமல்.

"காலர்ல ஒண்ணும் இல்ல. கீழ பாரு."

பார்த்தாள். பார்த்துவிட்டு லைனின் அந்தப் பக்கம் பார்த்தாள். பெரியம்மா குனிந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா போயிட்டா நான் யார்கிட்டடி பேசுவேன்?" என்றாள். அழவில்லை. அழுவதற்குத் தெம்பு இருக்கிறவள் மாதிரியே தெரியவில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதோ. நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எனக்கு முடிவு தெரிந்தால் போதும். ஏன் என்று கேட்கிற ஆள் நான் இல்லை, அது எனக்கே தெரியும்.

மறுநாள் காலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். துணிக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, ஸ்லீவைத் தாண்டி, சைடைத் தாண்டி, நேராகப் பெரியம்மாவின் மிஷினில் கொண்டுபோய் வைத்தாள். கட்டின் நடுவில் வெள்ளையாகக் காகித ஓரம் தெரிந்தது.

"நீ படிச்சிட்டியா?" என்றார் பெரியம்மா.

"இல்ல. நீங்க மொதல்ல படிங்க."

அவள் படிக்காமல் ஒரு பீஸ் லைனில் போனது அன்றுதான். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அழுகையா சிரிப்பா என்று. காலர் அக்கா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா கடைசிப் பக்கத்தைப் படித்தார். திருப்பி இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, பீஸை ஸ்லீவ் பொண்ணிடம் நீட்டினார். அந்த முகத்திலிருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை. சாமர்த்தியக்காரி.

வார முடிவில் பெரியம்மா கிளம்பிவிட்டார். வழியனுப்புவதற்கெல்லாம் நேரம் கிடையாது. வேன் நின்றது, இறங்கினார், வேன் கிளம்பியது. காலர் அக்கா ஜன்னலோரம் நகர்ந்து உட்காரவில்லை. இப்போதும் அந்த ஓர இருக்கை காலியாகத்தான் வருகிறது, நாங்கள் நின்றுகொண்டு வருகிறோம்.

கடைசிப் பீஸ் ஸ்லீவ் பொண்ணிடமிருந்து சைடுக்கும், சைடிலிருந்து எனக்கும் வந்தது. என் கைக்குட்டை தயாராக இருந்தது. அதற்கு வேலை இருந்ததா இல்லையா என்று சொல்லமாட்டேன். இதை நான் எழுதி அனுப்புகிற பத்திரிகை எப்படியும் அவள் கைக்குப் போய்விடும், அவள் விளம்பரம் முதற்கொண்டு படிக்கிறவள். லைனில் எல்லாருக்கும் முடிவு தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. அவள் போட்ட சட்டத்தை நாங்கள் அவளுக்கே காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை கப்பல் கதையைத் தைக்க எடுத்தாள். புது சட்டைத்துணிப் பட்டை, எல்லாப் பீஸும் வரிசையாக. மேலே கடைசிப் பீஸ், பெரியம்மாவின் எண்ணெய் விரலோடு. நான் பக்கத்தில் நின்று மிஷின் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னுமா படிக்கல?" என்றேன்.

"பெரியம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்றாங்க. எடுத்ததும், படிச்சியான்னு கேக்குறாங்க. இல்லன்னு சொல்றேன். சரி, அது வரைக்கும் படிச்சதுல ஒண்ணு கேக்குறேன் சொல்லுங்கறாங்க. அப்படியே பேச்சு போகுது." கழுத்தைப் பிசைந்துகொண்டாள். "போன வாரம் பேசிக்கிட்டே இருந்ததுல மாமியாருக்கு மாத்திரை குடுக்க மறந்துட்டேன்."

ஒவ்வொரு பீஸாக வைத்துத் தைத்துக்கொண்டே வந்தாள். ஆரம்பத்தில் ரிவர்ஸ், முடிவில் ரிவர்ஸ். கை தானாகப் போய் ரிவர்ஸ் லீவரைத் தட்டிவிட்டு வந்தது. கடைசிப் பீஸை மடிப்பில் பொருத்தினாள். மிஷின் ஒரே சீராக ஓடிக் கீழ் ஓரத்துக்கு வந்து நின்றது. விரல் லீவரின் மேல் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, ஊசியைத் தூக்கி, நூலை ஒரு முழத்துக்கு வெளியே இழுத்து வெட்டி, அந்த நீள நூலைப் பக்கங்களுக்கு நடுவே மடித்து வைத்துப் புத்தகத்தை மூடினாள்.